விதைப்பு எந்திரத்திற்கு உழவரே செய்த மூளை

முன்னுரை

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நம் நாட்டு உழவர் வழக்கு. காலம் தவறிய விதைப்பு விளைச்சலைக் கெடுக்கும் என்னும் பட்டறிவு இவ்வழக்கில் அடங்கியுள்ளது. இவ்வுண்மை உலக உழவர் அனைவர்க்கும் பொதுவாயினும், கனடா நாட்டின் மேற்குச் சமவெளியில் வாழும் உழவர்க்கு இது மிகக் கடுமையான கட்டளையாக அமைகின்றது. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிட்டோபா ஆகிய மாகாணங்களில் குளிர்காலப் பனி நீங்கி நிலம் விதைப்புக்கு ஏற்றதாவது பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில்தான். ஜூன் மாதத் தொடக்கத்திற்குள் விதைப்பு முடிந்தாக வேண்டும். பிந்தினால், முற்றாத கதிரை இலையுதிர் காலத்தின் முதல் உறைபனி தாக்கிவிடும். இந்நான்கைந்து வாரங்களுக்குள், மழை நாள்களையும் கழித்துக்கொண்டு, ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விதைத்து முடிக்க வேண்டியுள்ளது.

இத்தகைய நாள்களில் ஒரு நாள், விதைப்பு எந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒளியின்றி அணைந்து கிடப்பதாகக் கொள்வோம். எந்திரத்தின் இரும்புச் சட்டம் உறுதியாக உள்ளது. டிராக்டர் குறையின்றி ஓடுகிறது. விதையும் உரமும் தொட்டியில் நிறைந்துள்ளன. ஆயினும் உள்ளங்கையளவு மின்சுற்று ஒன்று செயலற்றதனால் அனைத்தும் நின்றுவிடுகின்றன. பெட்டியைச் செய்த நிறுவனம் அதனைச் செய்வதை நிறுத்திப் பல்லாண்டுகள் கழிந்திருக்கலாம். புதிய பெட்டி கிடைப்பினும் அதன் விலை பழைய எந்திரத்தின் மதிப்போடு போட்டியிடுவதாக இருக்கலாம். இந்நிலையில் உழவர் சிலர் தாமே ஒரு கட்டுப்பாட்டமைப்பை உருவாக்கிப் பொருத்தி வெற்றி கண்டுள்ளனர். அஃது எவ்வாறு இயல்கின்றது, அதன் நுட்பம் யாது, அதில் கொள்ளவேண்டிய எச்சரிக்கை யாது என்பனவற்றை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையிலிருந்து சக்கரத்திற்கு

வரிசையில் விதைக்கும் கருவி மிகப் பழமையானது. கலப்பையோடு ஒரு குழாயை இணைத்து, உழுத சாலிலேயே விதையை இறக்கும் முறையைப் பழைய மெசபடோமியர் அறிந்திருந்தனர். நம் தக்காணப் பகுதியில், மரக்கிண்ணம் ஒன்றிலிருந்து மூங்கிற் குழாய்கள் வழியாக விதையைச் சால்களுக்குப் பிரித்து அனுப்பும் மாட்டுக் கருவி நெடுங்காலம் வழங்கி வந்தது. அதில் விதையின் அளவை முடிவு செய்தது விதைப்பவரின் கையே ஆகும். மாடு விரைந்து நடந்தால் கையும் விரையும். மாடு தளர்ந்தால் கையும் தளரும். பழகிய கையே அளவுகோலாகவும் மூளையாகவும் விளங்கியது.

இங்கிலாந்து நாட்டின் ஜெத்ரோ டல் என்பார் 1701-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய விதைப்புக் கருவி, இப்பணியைக் கையிடமிருந்து எந்திர அமைப்பிற்கு மாற்றியது. நிலத்தில் உருளும் சக்கரம், விதையை அளந்து விடும் உருளையைத் தானே சுழற்றியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் உருளையும் குறித்த அளவு சுற்றும். ஆதலின் வேகம் எதுவாயினும், கடந்த தொலைவிற்கேற்ற விதை நிலத்தில் விழும். இவ்வெளிய கருத்து இன்றும் மறையவில்லை. நம் நாட்டில் டிராக்டருடன் இணைக்கப்படும் விதைப்புக் கருவிகளுள் மிகப் பலவும் சக்கரத்தாலும் சங்கிலியாலும் இயங்குவனவே.

மின்னணுவியலின் வருகை

எந்திரங்கள் அகன்றபோது புதிய தேவைகள் எழுந்தன. 1956-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஆல்பர்ட் ஃபஸ் என்பார், காற்றின் விசையால் விதையைக் குழாய்கள் வழியே கொண்டுசெல்லும் விதைப்பானை உருவாக்கினார். இதனால் ஒரே பெரிய தொட்டியிலிருந்து பல மீட்டர் அகலத்திற்கு விதைக்க முடிந்தது. ஊதுவிசிறி ஒன்று காற்றைச் செலுத்துகின்றது. தொட்டியின் அடியிலுள்ள அளவு உருளை அக்காற்றோட்டத்தில் விதையை இறக்குகின்றது. குழாய்கள் கிளைத்துக் கிளைத்து ஒவ்வொரு கொழுவிற்கும் விதையைச் சேர்க்கின்றன.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1966-இல் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம், விதை விழுவதைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவியை உழவரிடையே பரப்பியது. பின்னர்க் கண்காணிப்போடு அமையாமல், அளவு உருளையைச் சுழற்றும் பணியையும் மின்னணுப் பெட்டி ஏற்றுக்கொண்டது. சக்கரமும் சங்கிலியும் நீங்கி, மின் மோட்டாரோ எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மோட்டாரோ உருளையைச் சுழற்றலாயிற்று.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. ஈர நிலத்தில் சக்கரம் வழுக்குவதால் நேரும் பிழை நீங்கியது. வளமான பகுதியில் ஓரளவும் வளங்குன்றிய பகுதியில் வேறோர் அளவும் விதைக்க இயன்றது. முன்னரே விதைத்த இடத்தில் மீண்டும் விதை விழாமல் தடுக்க முடிந்தது. ஆயினும் ஒரு புதிய நலிவும் உடன் வந்தது. சங்கிலி அறுந்தால் ஊர்க் கொல்லரும் இணைத்துத் தருவார். பெட்டி பழுதானால் அதன் உள்ளே நிகழ்வது யாதென்பதைச் செய்தவர் மட்டுமே அறிவர் என்னும் நிலை ஏற்பட்டது.

பெட்டி செய்யும் கணக்கு

அவ்வாறாயின் அப்பெட்டி செய்யும் பணி அத்துணைக் கடினமானதா? அதன் உள்ளத்தில் இருப்பது பள்ளி மாணவரும் செய்யக்கூடிய ஒரு பெருக்கற் கணக்கே ஆகும். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம்.

விதைப்பானின் அகலம் 12 மீட்டர் எனவும், டிராக்டரின் வேகம் மணிக்கு 8 கி.மீ. எனவும் கொள்வோம். ஒரு நிமிடத்தில் அது ஏறத்தாழ 133 மீட்டர் செல்லும். ஆதலின் நிமிடத்திற்கு 1,600 சதுர மீட்டர், அதாவது 0.16 ஹெக்டேர் நிலம் விதைக்கப்படும். ஹெக்டேருக்கு 100 கிலோ கோதுமை வேண்டுமெனில், நிமிடத்திற்கு 16 கிலோ விதை இறங்க வேண்டும். அளவு உருளை ஒரு சுற்றுக்கு அரைக் கிலோ விதையை இறக்குமாயின், அது நிமிடத்திற்கு 32 சுற்றுகள் சுற்ற வேண்டும். வேகம் மணிக்கு 6 கி.மீ. ஆகக் குறைந்தால், உருளையும் 24 சுற்றுகளாகக் குறைய வேண்டும். இவ்வளவே கணக்கு.

இக்கணக்கிற்குப் பெட்டி அறியவேண்டியவை இரண்டு. ஒன்று, டிராக்டரின் வேகம். இதனைச் சக்கரத்தருகே வைத்த உணரியோ ஜி.பி.எஸ். கருவியோ தெரிவிக்கும். மற்றொன்று, உருளை உண்மையில் சுற்றும் வேகம். உருளையின் அச்சில் பொருத்திய பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். ஒரு சுற்றுக்கு 60 பற்கள் எனில், 32 சுற்று வேகத்தில் நொடிக்கு 32 துடிப்புகள் எழும். அவற்றை எண்ணினால் உருளையின் வேகம் தெரிந்துவிடும்.

உருளை 32 சுற்றுகளுக்குப் பதிலாக 30 சுற்றுகளே சுற்றுவதைக் கண்டால், பெட்டி மோட்டாருக்குச் செல்லும் விசையைச் சற்றே கூட்டும். 34 ஆயின் சற்றே குறைக்கும். வாய்க்கால் நீரின் மட்டத்தைப் பார்த்துப் பார்த்து மடைப் பலகையை ஏற்றியும் இறக்கியும் நீரை ஒரே சீராக விடும் மடைக்காவலரின் செயலும் இதுவே. விளைவைக் கண்டு செயலைத் திருத்திக்கொள்ளும் இம்முறையைப் பின்னூட்டக் கட்டுப்பாடு என்பர். திருத்தம் மெதுவாக இருந்தால் விதை அளவு பிந்தி மாறும். மிக விரைவாக இருந்தால் உருளை ஏறியும் இறங்கியும் தளும்பும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையைக் காண்பதே இப்பணியின் கலைத்திறன் எனலாம்.

பழுதை முதலில் அறிதல்

புதிய பெட்டியைச் செய்யத் தொடங்குமுன், பழைய பெட்டி உண்மையிலேயே பழுதானதா என ஆராய்தல் வேண்டும். விதைப்பு எந்திரம் தூசியிலும் அதிர்விலும் உழல்வது. உரத்தின் உப்புத்தன்மை செம்பு இணைப்புகளை அரித்துப் பச்சையாக்கும். ஆண்டில் பதினொரு மாதம் கொட்டகையில் நிற்கும்போது எலிகள் ஒயர்களைக் கடிக்கும். எர்த் இணைப்பில் துருவேறினால் பெட்டி ஏற்றதும் அணைந்ததுமாக இருக்கும். மின்கல அழுத்தம் குறைந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். ஆகவே, மீட்டரைக் கொண்டு ஒவ்வோர் இணைப்பையும் அளந்து பார்த்தல் முதற்கடமையாகும். பெட்டியின்மேல் சுமத்தப்படும் குற்றம் பல வேளைகளில் ஒயரினுடையதாகவே இருக்கும்.

இவையனைத்தும் குறையற்றிருந்து, பெட்டியின் உள்ளே மின்தேக்கிகள் வற்றியோ சிப்புகள் கெட்டோ போயின என உறுதியானால், அடுத்த நிலைக்குச் செல்லலாம். இங்கே உழவருக்கு ஒரு பெருந்துணை உண்டு. பழைய எந்திரங்களின் உணரிகளும் மோட்டார்களும் வால்வுகளும் பெரும்பாலும் எளிய துடிப்புகளையும் எளிய மின்னோட்டத்தையும் கொண்டு இயங்குபவை. அவை நல்ல நிலையில் இருக்குமாயின் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள மூளையை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றுப் பெட்டியின் உறுப்புகள்

இத்தாலி நாட்டின் இவ்ரேயா நகரில் 2005-ஆம் ஆண்டில் மாணவர்க்கென உருவாக்கப்பட்ட ஆர்டுவினோ என்னும் சிறு கணிப்பலகை, இத்தகைய பணிகளுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. அதன் மின்சுற்று வரைபடம் மறைக்கப்படாமல் எல்லார்க்கும் வழங்கப்பட்டமையால், அது மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் அமைந்தது. அதன் பரவலான வகையின் கடிகாரம் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கின்றது. உருளையிலிருந்து வருவதோ நொடிக்கு 32 துடிப்புகளே. ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடையே 5 லட்சம் கடிகாரத் துடிப்புகள் கிடைக்கின்றன என்றால், இப்பணி அப்பலகைக்கு எத்துணை எளிது என்பதை உணரலாம்.

எனினும், பலகையை நேரடியாக டிராக்டரின் மின்சாரத்தோடு இணைத்தல் கூடாது. பலகை 5 வோல்ட் அளவில் இயங்குவது. டிராக்டரின் மின்னமைப்பு 12 வோல்ட் உடையது. எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட் வரை உயரும். சில வேளைகளில் கணப்பொழுதில் அதனினும் பன்மடங்கு எழும்பித் தாழும். எனவே அழுத்தத்தைக் குறைத்துச் சீராக்கும் சுற்றும், திடீர் எழுச்சியை விழுங்கும் உறுப்பும், பியூசும் தேவை. உணரியின் துடிப்பு பலகைக்கு வருமிடத்தில், மின்தொடர்பின்றி ஒளியின் வழியே செய்தியைக் கடத்தும் உறுப்பை இடையில் வைத்தல் நன்று. வால்வின் கம்பிச்சுருளை அணைக்கும்போது எதிர்த்திசையில் எழும் மின்னழுத்தம் சுற்றை எரித்துவிடாதபடி, அதன் குறுக்கே டையோடு ஒன்றையும் இணைக்க வேண்டும்.

எண்ணெய் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், அதன் வால்விற்குச் செல்லும் மின்சாரத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேலாக விட்டு விட்டுச் செலுத்துவர். ஒவ்வொரு முறையும் மின்சாரம் நிற்கும் நேரத்தைக் குறைத்து, ஓடும் நேரத்தை நீட்டினால் வால்வு மிகுதியாகத் திறக்கும். மின் மோட்டார்க்கும் இம்முறை பொருந்தும். இவ்வனைத்தையும் நீரும் தூசியும் புகாத பெட்டியில் அடைத்து, அதிர்வைத் தாங்கும் ரப்பர்த் துண்டுகளின்மீது பொருத்துதல் வேண்டும்.

அளந்து சரிபார்த்தல்

பெட்டி இயங்கத் தொடங்கியதும் பணி முடிந்துவிட்டதாகக் கருதுதல் பெரும்பிழை. நின்றுபோன எந்திரத்தால் ஒரு நாள் கெடும். தவறாக அளந்து ஓடிய எந்திரத்தால் ஒரு பருவமே கெடும். விதை மண்ணுக்குள் மறைவதால் பிழை உடனே கண்ணுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்துப் பயிர் முளைக்கும்போதுதான் வெற்றுப் பட்டைகள் வெளிப்படும். அப்போது மீண்டும் விதைக்கக் காலம் இராது.

ஆதலின், களத்தில் இறங்குமுன் அளவீடு செய்தல் இன்றியமையாதது. உருளையை 20 சுற்றுகள் சுற்றச் செய்து, விழும் விதையைப் பையில் பிடித்து நிறுக்க வேண்டும். 10 கிலோ இருப்பின், சுற்றுக்கு அரைக் கிலோ என்பது பெறப்படும். விதையின் பருமன் வகைக்கு வகை மாறுவதால், ஒவ்வொரு வகைக்கும் இதனைத் திரும்பச் செய்ய வேண்டும். பின்னர், வயலில் 5 ஹெக்டேர் விதைத்தபின் தொட்டியில் 500 கிலோ குறைந்துள்ளதா எனவும் ஒப்பிட வேண்டும்.

கனோலா என்னும் எண்ணெய் வித்து இதற்கு நல்ல சான்றாகும். கடுகையொத்த இச்சிறு விதை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 5 கிலோவே போதும். மேற்கண்ட கணக்கின்படி நிமிடத்திற்கு 0.8 கிலோ மட்டுமே இறங்க வேண்டும். கோதுமைக்குரிய உருளையையே பயன்படுத்தினால், அது நிமிடத்திற்கு ஒன்றரைச் சுற்றளவே சுற்றும். உணரியின் துடிப்பும் நொடிக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கும். அவ்வளவு குறைந்த செய்தியைக் கொண்டு வேகத்தைச் சீராகக் காத்தல் அரிது. ஆகவே, சுற்றுக்கு 50 கிராம் போன்ற சிறு அளவை இறக்கும் நுண்ணிய உருளையை மாற்றிப் பொருத்துவர். அப்போது 16 சுற்றுகள் கிடைக்கும். மின்னணுவியலால் தீராத இடரை இரும்புருளை தீர்க்கின்றது. எந்திரத்தை அறியாதவர் எழுதும் நிரல் வயலில் நிலைக்காது என்பதற்கு இஃதொரு சான்று.

கொள்ளவேண்டிய எச்சரிக்கைகள்

தம் கையால் செய்த பெட்டி எப்போதேனும் பழுதாகும் என எண்ணியே அதனை வடிவமைத்தல் அறிவுடைமை. வேகச் செய்தி நின்றுவிட்டால் உருளையும் நின்று, ஒலியெழுப்பி ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும். நிரல் உறைந்துபோனால் தானே மீண்டும் தொடங்கும் ஏற்பாடு பலகையிலேயே உண்டு. அதனைப் பயன்படுத்த வேண்டும். அனைத்தையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் சுவிட்சு, மென்பொருளைச் சாராமல் மின்சாரத்தையே துண்டிப்பதாக இருத்தல் வேண்டும். உருளையருகே ஒருவர் கை வைத்திருக்கையில் மோட்டார் தானே சுழலத் தொடங்கினால் விரல் போய்விடும் என்பதை மறத்தலாகாது.

அழுத்தத்தில் அடைக்கப்பட்ட நீரற்ற அம்மோனியாவை உரமாக இடும் அமைப்புகளில், வீட்டில் செய்த கட்டுப்பாட்டைப் பொருத்திப் பார்த்தல் கூடாது. அவ்வாயு கண்ணையும் நுரையீரலையும் எரித்து உயிரையும் போக்கவல்லது. டிராக்டரின் திசைமாற்றி, தடை ஆகியவற்றைச் சார்ந்த பணிகளிலும் இத்தகைய தயக்கம் வேண்டும். எதனைத் தாமே செய்யலாம், எதனைச் செய்யலாகாது எனப் பகுத்தறிவதும் தொழில்நுட்ப அறிவின் ஒரு கூறேயாகும்.

உரிமையும் சட்டமும்

புதிய எந்திரங்களில் நிலைமை வேறு. அவற்றின் பல்வேறு பெட்டிகள் பொதுவான ஓர் இணைப்புக் கம்பியின் வழியே தமக்குள் உரையாடுகின்றன. டிராக்டரும் கருவியும் உரையாடுவதற்கு ஐ.எஸ்.ஓ. 11783 என்னும் உலகப் பொதுத் தரம் உண்டு. ஆயினும், பழுதைக் கண்டறியவும் புதிய உறுப்பை ஏற்கச் செய்யவும் தேவைப்படும் மென்பொருள் பூட்டப்பட்டிருப்பது உண்டு. அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்ட எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டம் இத்தகைய பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. 2015-இல் டிராக்டர் உள்ளிட்ட நில ஊர்திகளைப் பழுதுபார்ப்பதற்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

அமெரிக்க மாநிலங்களுள் முதன்முதலாகக் கொலராடோ, வேளாண் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தை 2023-இல் நிறைவேற்றியது. அது 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. கனடாவும் பழுதுபார்ப்பதற்காகவும், வெவ்வேறு நிறுவனக் கருவிகளை ஒன்றோடொன்று இணைந்தியங்கச் செய்வதற்காகவும் பூட்டுகளைத் திறக்க இடமளிக்கும் இரு சட்டத் திருத்தங்களை 2024 நவம்பரில் ஏற்றது. விலை கொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவர்க்கு உள்ள உரிமை எதுவரை செல்லும் என்னும் பழைய வினா, இங்கே புதிய வடிவில் எழுந்துள்ளது. செய்தவர் தம் உழைப்பின் பயனைக் காக்க விரும்புவதும் இயல்பே. ஆனால் விதைப்பு நாளில் பழுதைத் தீர்க்க வழியின்றி உழவர் கைகட்டி நிற்பது நீதியாகாது.

பகிர்ந்த அறிவின் பயன்

ஆல்பர்ட்டா மாகாணத்து உழவரான பிரையன் டிஷ்லர் என்பார், டிராக்டரை நேர்கோட்டில் செலுத்தவும், விதைத்த இடத்தைப் பதிந்து கருவியின் பகுதிகளைத் தானே நிறுத்தி இயக்கவும் ஏற்ற ‘அக் ஓப்பன் ஜி.பி.எஸ்.’ என்னும் மென்பொருளை எழுதி, அதன் மூல நிரலோடு எல்லார்க்கும் விலையின்றி வழங்கினார். பல நாட்டு உழவர் அதனை ஏற்றுத் தத்தம் எந்திரங்களுக்கேற்பத் திருத்தியுள்ளனர். விதை அளவைக் கட்டுப்படுத்தும் துணை நிரல்களும் சுற்றுப்பலகை வடிவங்களும் அதனோடு சேர்ந்து வளர்ந்துள்ளன. ஒருவர் தம் கொட்டகையில் கண்ட தீர்வு, கடல் கடந்த மற்றொருவரின் பருவத்தைக் காக்கின்றது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் சிற்றூர்களில் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் கருவிகள் வந்துவிட்டன. அவையும் ஒருநாள் பழுதாகும். அந்நாளில் அவற்றின் உள்ளமைப்பை விளங்கிக்கொண்டு சீர்செய்ய வல்ல இளைஞர் ஊர்தோறும் வேண்டும். அவர்க்கு வேண்டிய அறிவு தெளிந்த தமிழில் எழுதப்பட வேண்டும். இப்பணியில் அறிவியல் மாணவரும் தமிழ் மாணவரும் கைகோத்தல் வேண்டும்.

முடிவுரை

விதைப்பவரின் கையிலிருந்த அளவு சக்கரத்திற்குச் சென்றது. சக்கரத்திலிருந்து மின்னணுப் பெட்டிக்குச் சென்றது. வேகம், அகலம், வேண்டிய அளவு ஆகிய மூன்றையும் பெருக்கி உருளையைச் சுழற்றும் பணி மட்டும் மாறவில்லை. அப்பணியை விளங்கிக்கொண்டவர்க்குப் பழுதான பெட்டி அச்சந்தரும் புதிராகத் தோன்றாது. துணிவோடு செய்தலும், நிறுத்துச் சரிபார்த்தலும், தீங்கு நேரா வண்ணம் காத்தலும், அறிந்ததைப் பிறர்க்கு எழுதி வைத்தலும் ஆகிய நான்கும் சேருமிடத்தில், பத்திருபது ஆண்டுப் பழைய எந்திரமும் மீண்டும் பருவத்தே வயலில் இறங்கும்.